கச்சேரி வாசல் – 6: அண்ணாந்தாளும் அரையணாத் தபாலும்

1854 செப்டம்பரில் சென்னை மாகாணம் முழுவதற்கும் அந்தந்த வட்டார மொழியில் ஓர் அறிவிப்பு போயிற்று. வரி வசூலுக்காகவோ, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவோ சர்க்கார் ஆட்களிடம் சித்திரவதைப்பட்டவர்கள் சென்னையில் அமர்ந்திருக்கும் மூன்று கமிஷனர்களிடம் நேரில் வந்து சொல்லலாம், வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம் என்றது அது. தாலுகாவுக்குள் சர்க்கார் செய்தி எதுவானாலும் தாசில்தார் வழியாகத்தான் கிராமத்துக்கு இறங்க வேண்டும். இந்த அறிவிப்பு பேசியதோ பெரும்பாலும் அந்தத் தாசில்தாரையும் அவருடைய சேவகர்களையும் பற்றி. இது எத்தனை சாவடிகளில் உரக்கப் படிக்கப்பட்டிருக்கும், எத்தனை இடங்களில் மேல்துண்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

அப்படியும் சில மாதங்களுக்குள் 519 பேர் சென்னைக்கு வந்து நின்றார்கள். 1,440 பேர் எழுதி அனுப்பினார்கள். ஆக 1,959 புகார்கள்.

அன்று இந்தப் பக்கத்தில் ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது 1856 ஜூலையில்தான். திருநெல்வேலிச் சீமைக் குடியானவன் சென்னைக்கு வர வேண்டுமானால் நாளைக்கு முப்பது கிலோமீட்டர் நடந்தாலும் இருபது நாள் ஆகும். கட்டுச்சோறு வேண்டும், வழியில் சத்திரம் வேண்டும், ஊரில் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எழுதி அனுப்பியவர்களுக்கு மட்டும் காலம் ஓர் உதவி செய்தது. 1854 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் கால் தோலா எடையுள்ள கடிதம் கம்பெனி ஆட்சிக்குள் எங்கிருந்து எங்கு போனாலும் அரையணா என்று ஆயிற்று. அதுவரை தூரத்துக்குத் தகுந்த கூலி. இந்தப் புகார்களைப் படிக்கிறவர்கள் யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. கமிஷன் கூடிய அதே மாதங்களில் தொலைதூரத் தபால் மலிவானது தற்செயல்தான். ஆனாலும் கலெக்டர் கச்சேரியைத் தாண்டி ஒரு காகிதத்தை நேரே சென்னைக்கு அனுப்ப அரையணா போதும் என்பது ஏழைக்குச் சின்ன விஷயம் இல்லை.

கமிஷன் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற இதழில் பார்த்த கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும், 1852-ல் அவர் முன்னின்று தொடங்கிய சென்னை மக்கள் சங்கமும், இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பங்கள் அனுப்பிவந்தார்கள். அதைக் கண்டு 1853-ன் கடைசியில் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தார். ஜில்லாக்களைச் சுற்றிப் பார்த்தார். 1854 ஜூலையில் லண்டன் மக்கள் சபையில் எழுந்து, சென்னை மாகாணத்தில் நிலவரி சித்திரவதை செய்து வசூலாகிறது என்றார். சபையில் கூச்சல், மறுப்பு. கம்பெனியின் நற்பெயர் சந்திக்கு வந்துவிட்டதால் விசாரணைக்கு உத்தரவாயிற்று. கவர்னர் ஹாரிஸ் பிரபு மூவரை நியமித்தார். சென்னைப் பட்டணத்துப் போலீஸ் தலைவர் எலியட், சிவில் சர்வீஸ்காரர் ஸ்டோக்ஸ், வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன். தென்னிந்தியாவில் நீதி நிர்வாகம் நடக்கிற லட்சணத்தைப் பற்றி முந்தைய ஆண்டுதான் காட்டமாக ஒரு நூல் வெளியிட்டிருந்தவர் நார்ட்டன். அவரைச் சேர்த்தது கமிஷனின் அதிர்ஷ்டம்.

இவர்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விசாரித்து அறிக்கை கொடுப்பதோடு வேலை முடிந்தது. சித்திரவதையில் நசுங்கிய விரலுக்கு ஒரு காசு இழப்பீடும் இவர்களால் தர முடியாது. பிறகு எதற்காக வந்தார்கள் அந்த 519 பேர்?

அதற்கு முதலில் கச்சேரியின் அமைப்பு தெரிய வேண்டும். ரயத்துவாரி முறையில் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் ஜமீன்தார் இல்லை. பட்டா குடியானவன் பெயரில், வரி நேரே கம்பெனிக்கு. கம்பெனி அதிகாரி மன்றோ இதைக் குடியானவனுக்கு நல்லது என்று நம்பியே கொண்டுவந்தார். அவருடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் 1816-ன் ஒழுங்குவிதிகள் போலீஸ் அதிகாரத்தையும் வரி வசூலிக்கும் கையிலேயே கொடுத்தன. கலெக்டரே மாஜிஸ்திரேட். தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவர். கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும் வரிக்கும் அவர்களே, திருட்டுக்கும் அவர்களே. கிஸ்தி, அதாவது வரித் தவணை, கேட்டு வாசலில் நிற்கிறவன் காலையில் வரிச் சேவகன், மாலையில் போலீஸ்காரன்.

இன்னொன்று, விலை. தொடக்கத்தில் தானியம் நல்ல விலைக்கு விற்ற காலத்தில் வரியைப் பணமாக நிர்ணயித்தார்கள். அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தானிய விலை சரிந்தே கிடந்தது. வரியோ இறங்கவில்லை. ஐந்து மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இப்போது ஏழோ எட்டோ மூட்டை விற்க வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் விற்க என்ன இருக்கும்? வருஷாந்திர வரிக்கணக்குத் தீர்வான ஜமாபந்தியின்போது தள்ளுபடி கேட்பான். கிடைத்தால் அவன் பாக்கியம். கிடைக்காவிட்டால் சாவடிக்கு அழைப்பு வரும்.

சாவடியில் நடந்தவற்றைக் கமிஷன் அறிக்கை வரிசையாக எழுதிவைத்திருக்கிறது. வெயிலில் நிறுத்துவது. சாப்பாட்டுக்குப் போக விடாமல் தடுப்பது. மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்க்க விடாமல் வீட்டுக்குள் அடைத்து வைப்பது. பாக்கிக்காரன் வீட்டிலேயே ஒரு சேவகனை உட்காரவைத்து, அந்தச் சேவகனுக்குத் தினப்படியையும் அவனையே கொடுக்க வைப்பது. கிட்டி: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கோல்களுக்கு நடுவில், பாக்குவெட்டியில் பாக்கை வைப்பதுபோல விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் பெருவிரலையும் அவன் துணியாலோ கயிற்றாலோ சேர்த்துக் கட்டி, குனிந்தபடியே மணிக்கணக்கில் நிறுத்தி, முதுகில் கல் ஏற்றுவது. இரண்டு பாக்கிக்காரர்களின் குடுமியைச் சேர்த்து முடிவது. குடுமியைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டுவது. எலும்பு மாலை போடுவது.

இந்தப் பட்டியலில் பாதி உடலைக் காயப்படுத்துவதே இல்லை, மானத்தைக் குறிவைக்கிறது. எலும்பு மாலை வலிக்காது, ஊர் பார்க்கும். குடுமி முடிச்சு ரத்தம் வரவழைக்காது, ஆனால் நேற்றுவரை அந்த மனிதனைக் கண்டால் எழுந்து நின்ற பையன் இன்று சிரிப்பான். வெயிலில் குனிய வைத்த மறுநாள் கலெக்டரிடம் காட்ட உடம்பில் ஒரு வடுகூட இருக்காது. இதைக் கண்டுபிடித்தவர்கள் முரடர்கள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்ட பாக்கி பல வழக்குகளில் சில அணாக்கள்தான்.

மனுக்களுக்கு வருவோம். ஒரு குடியானவரின் மனு. பிசானம், கார் என்ற இரண்டு போக நெல்லும் மழையில்லாமல் போயின என்று தொடங்குகிறார். இந்த இரண்டு பெயர்களே அவர் தாமிரபரணிப் பக்கத்து ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. வழக்கம்போல் கிஸ்தி கட்ட முடியவில்லை. 1837-ல் ஈடன் கலெக்டராக இருந்தபோது செய்த உடன்படிக்கைப்படி, நஷ்டத்துக்குத் தள்ளுபடி கேட்டிருக்கிறார்கள். கொடுக்கவில்லை. அதனால் பட்டா வாங்க மாட்டோம் என்று மறுத்திருக்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தாசில்தார் அவரையும் மற்றவர்களையும் ஆட்கள் பொறுப்பில் விட்டு வெயிலுக்குக் கொண்டுபோய், குனிய வைத்து, முதுகில் கல்லேற்றி, கொதிக்கும் மணலில் நிறுத்தியிருக்கிறார். எட்டு மணிக்குப் பிறகுதான் சோற்றுக்கு விட்டிருக்கிறார்கள். இப்படி மூன்று மாதம். நடுவில் கலெக்டரிடம் மனு கொண்டுபோனால் அவர் வாங்க மறுத்துவிட்டார். செஷன்ஸ் கோர்ட்டுக்கு எடுத்துப் போனார்கள். கோர்ட் அந்த மனுவை யாருக்கு அனுப்பிற்று? அதே கலெக்டருக்கு. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது, இருபத்தைந்து நாளில் ஜப்தி, பிறகு ஏலம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான், எங்கள் பெண்களையும் விடவில்லை, அவர்கள் மார்பில் கிட்டி போட்டார்கள் என்கிறார்.

அதைக் கடைசியில் வைத்திருப்பதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் மனதில் முதலில் நின்றது அதுவாகத்தான் இருந்திருக்கும். சொல்ல வாய் வராமல் மழையில் தொடங்கி, உடன்படிக்கையைச் சொல்லி, நோட்டீஸ் தேதியைச் சொல்லி, வேறு வழியில்லாமல் அங்கே வந்து சேர்கிறார். அவர் கேட்டது எந்தச் சீர்திருத்தமும் இல்லை. 1837-ல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு மனுவில் காரணம் முற்றிலும் வேறு. கொள்ளிடத்துப் பால வேலைக்குப் பலகை, கரி, விறகு எல்லாவற்றையும் காசில்லாமல் கொண்டுவா என்று தாசில்தார் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். மனுக்காரர் மறுத்திருக்கிறார். பன்னிரண்டு பேர் வந்து பிடித்து அடித்திருக்கிறார்கள். உதவிக் கலெக்டரிடம் போய் மனுக் கொடுத்தால், அவர் விசாரிக்கவில்லை, மனுவைக் கிழித்துப் போட்டார். ஏன் கிழித்தார் என்பதற்கு மனுக்காரர் தரும் விளக்கம், அந்த அறிக்கையிலேயே மிகக் கூர்மையான அரசியல் விமர்சனம் என்பேன். ஏழைகள் செலவில் பாலத்தை மலிவாகக் கட்டி முடித்து மேலிடத்தில் நல்ல பெயர் வாங்க வேண்டும் துரைக்கு. அதனால் தாசில்தார் கொலையே செய்தாலும் அவர் கண்ணில் படாது என்கிறார். மராமத்து இலாகாவின் கணக்கில் அந்தப் பாலம் சிக்கனத்துக்கு உதாரணமாக இருந்திருக்கும்.

ஒரு கிறிஸ்தவரின் புகார் இன்னும் எளியது. பட்டாளம் ஊரைக் கடந்து போகும்போதெல்லாம், வெள்ளைப் பட்டாளமானாலும் சிப்பாய்ப் பட்டாளமானாலும், சாமான் முழுவதையும் குடிகள் இனாமாகக் கொடுக்க வேண்டும். யாராவது விலை கேட்டால் அவனுக்குச் சித்திரவதை. கொடுத்த பொருளுக்கு விலை கேட்டது குற்றமாகிப் போன வயிற்றெரிச்சல்தான் அவரைப் பேச வைத்தது.

இப்படித்தான் 1,959 புகார்களும். நீதித்துறையையும் நிர்வாகத்தையும் பிரிக்க வேண்டும் என்று இவர்களில் யாரும் எழுதியதாக நான் காணவில்லை. அந்த மொழி செட்டியாருடையது, நார்ட்டனுடையது. மனுக்காரர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு இருந்தது: கருகிய பயிர், விலை வராத விறகு, ஏலம் போன வயல், பெண்டாட்டி பட்ட அவமானம். ஆனால் எல்லா அர்ஜிகளும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. மேலே கொண்டுபோன காகிதம் கீழே திரும்பி, அடித்தவன் கைக்கே வந்துவிட்டது. அடி வாங்கியதைவிட இதுதான் அவர்களைச் சென்னைவரை நடக்க வைத்தது என்பது என் கருத்து. தாசில்தார் அல்லாத ஒரு காது எங்காவது இருக்கிறதா என்று தேடி வந்திருக்கிறார்கள்.

கமிஷனர்களுக்கும் இது உறைத்திருக்கிறது. சித்திரவதை நடக்கிறது என்ற உண்மையைவிட, அதற்குப் பரிகாரம் தேடுவது இத்தனை கடினமாக இருப்பதே தங்களை அதிகம் வருத்தியதாக எழுதினார்கள். காரணங்களையும் சொன்னார்கள். கலெக்டர் இருக்கும் ஊர் தூரம். போனால் செலவு, காத்துக்கிடந்தால் வேலை கெடும். எழுதி அனுப்பினால், ‘தாசில்தார் பார்வைக்கு’ என்று மேலே ஒரு குறிப்போடு திரும்பிவிடும் என்ற பயம். இரண்டையும் மீறிக் குற்றம் நிரூபணமானால்கூட மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடியது ஐம்பது ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. அதற்குமேல் வேண்டுமானால் குற்றவியல் நீதிபதிக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து சுற்று நீதிமன்றம். பணம் பறித்த புகாரானால் உதவிக் கலெக்டர், அப்பீலில் கலெக்டர், அப்புறம் ரெவினியூ போர்டு. இப்படிப்பட்ட பணப் புகார்களுக்கான 1822, 1828 விதிகளின்கீழ் குடிகள் ஒரு புகாராவது கொண்டுவந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று கமிஷனர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது ஒரு சட்ட ஓட்டை. அந்த விதிகள் தண்டித்தது, சர்க்கார் பணத்தைக் கையாடியவனையும், குடியானவனிடம் கூடுதலாகப் பறித்துத் தன் மடியில் போட்டுக்கொண்டவனையும்தான். சர்க்காருக்குச் சேர வேண்டிய நியாயமான கிஸ்தியை ஒருவன் கிட்டி போட்டு வசூலித்து, ஒரு காசு குறையாமல் கஜானாவில் கட்டியிருந்தால், அவனுக்கென்று அதில் தண்டனை எதுவும் எழுதப்படவே இல்லை. திருடினால் குற்றம், நாணயமாகச் சித்திரவதை செய்தால் இல்லை!

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சித்திரவதை மாகாணம் முழுவதும் வழக்கத்தில் இருக்கிறது என்று தயங்காமல் சொன்னது. அந்த நேர்மைக்கு நார்ட்டனையும் மற்ற இருவரையும் பாராட்ட வேண்டும். ஆனால் அடுத்த அடியிலேயே சறுக்கியது. குடிகளின் கூக்குரலெல்லாம் தங்கள் இனத்து உத்தியோகஸ்தர்களின் கொடுமையிலிருந்து காப்பாற்றுங்கள் என்பதுதான். ஐரோப்பிய அதிகாரிகளின் அலட்சியத்தைப் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை என்று முடிவு கட்டியது. மனுவை வாங்க மறுத்த கலெக்டர் யார்? பாலத்துக்காக மனுவைக் கிழித்தவர் யார்? அறிக்கையின் முடிவை அதே அறிக்கையில் உள்ள மனுக்கள் மறுக்கின்றன. தாசில்தார்கள் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஜில்லாக் கச்சேரிகளில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாரும் உறவுக்காரர்களும் கூடிக்கொண்டு நடத்திய கொள்ளையை முந்தைய இதழ்களில் பார்த்தோம். ஆனால் தாசில்தாரின் வேலை தங்கியிருந்தது ஒரே எண்ணில்தான், வசூல் தொகையில். அந்த எண்ணை நிர்ணயித்துவிட்டு அது வந்த வழியைக் கேட்காமல் இருந்தவர்கள் மேலே இருந்தார்கள்.

முதல் மனுவில் இருந்த அடிப்படைக் காரணமும் இப்படித்தான் ஓரத்துக்குப் போயிற்று. அவர் தொடங்கியது தாசில்தாரிடம் இல்லை, மழையிலும் கிடைக்காத தள்ளுபடியிலும். வரி தாங்க முடியாத அளவுக்கு இருந்ததா என்பதைக் கமிஷன் விசாரிக்கவில்லை. அது அவர்களுக்கு இட்ட வேலையும் இல்லை.

பாராளுமன்ற வெளியீடான நீலப் புத்தகமாக லண்டனுக்குப் போன இந்த அறிக்கையை அங்கே ஒருவர் வரிவரியாகப் படித்தார். 1857-ல் சிப்பாய்களின் கொடுமை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த நேரம். அந்தச் செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரை பெயரில்லாமல் வெளியானது. தாமிரபரணிக்காரரின் மனுவும் கொள்ளிடத்துக்காரரின் மனுவும் அதில் அப்படியே இருந்தன. சித்திரவதையை ஒப்புக்கொண்டுவிட்டு பிரிட்டிஷ் அரசை மட்டும் நோகாமல் விலக்கிவிட்ட சாமர்த்தியத்தை அவரும் பிடித்துக் காட்டினார். தன் தாசில்தாரைத் தாண்டி ஒரு காதைத் தேடிய மனிதரின் குரல் அமெரிக்கா வரை போய்விட்டது.

இங்கே நடந்தது என்ன? 1859-ன் 24-ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் படையை உண்டாக்கியது. ராபின்சன் அதன் முதல் தலைவர். வரி வசூலிக்கும் கையிலிருந்து போலீஸ் தடி பிடுங்கப்பட்டது. 1837-லிருந்து தூசி படிந்து கிடந்த மெக்காலேயின் நகல் 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1862-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 330-ஆவது பிரிவு ஒப்புதலோ பாக்கியோ பெறுவதற்காகக் காயப்படுத்துகிறவனுக்கு ஏழு வருஷம் வரை சிறை என்றது. கொடுங்காயமானால் அடுத்த பிரிவில் பத்து வருஷம். 330-க்குத் தந்த உதாரணங்களில் ஒன்று, வரி பாக்கியைக் கட்ட வைக்க ஒருவனைச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரி. நகல் பழையது என்பதால் இதை நம் மனுக்காரர்களின் வெற்றி என்று எழுத மாட்டேன். ஆனாலும் ஐம்பது ரூபாயிலிருந்து ஏழு வருஷம் என்பது பெரிய தூரம். அந்த ஓட்டையும் அடைபட்டது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக நிலைத்தது. அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு விலை இல்லாமல் போனால் அடிப்பது குறையும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. குறைந்ததா என்பது போலீஸைப் பற்றிய அத்தியாயத்தில் வரும்.

தாசில்தாரின் கையில் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. போலீஸ் போனாலும், கீழ்நிலை மாஜிஸ்திரேட் அதிகாரம் அவரிடமே இருந்தது. மேலே கலெக்டர் ஜில்லா மாஜிஸ்திரேட்டாகவே தொடர்ந்தார். மனு சுற்றிவந்து அதே மேஜையில் விழும் ஏற்பாட்டில் பாதி அப்படியே நின்றது. நீதியையும் நிர்வாகத்தையும் பிரியுங்கள் என்று 1886 முதல் காங்கிரஸ் மாநாடுகள் தீர்மானம் போட்டன. செலவாகும், கலெக்டரின் மதிப்புக் குறையும் என்று சர்க்கார் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. சென்னையில் அந்தப் பிரிவினை முழுமையானது வெள்ளைக்காரன் போன பிறகுதான்.

(தொடரும். அடுத்த இதழில்: ராபின்சனின் போலீஸ்)